பூஜ்யம் யாருக்கும் வாரிசு இல்லை

நீதிமன்றத்தில் சொத்து வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பவள் அவள். கூண்டில் நிற்கும் சாட்சி அழுதாலும் கத்தினாலும் இவள் குரல் ஏறாது, இறங்காது. அண்ணன் தம்பிகள் திட்டிக்கொள்ளும் வசவுகளைக்கூட மளிகைச் சாமான் ஒப்பிப்பதுபோல அடுத்த மொழியில் ஒப்பித்துவிடுவாள். வழக்கறிஞர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஐஸ் பெட்டி’.

அவள் அக்காவின் கணவர் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர். எண்கணிதத்தின் தர்க்க அடித்தளங்கள் பற்றி ஒரு பயிலரங்கு ஏற்பாடு செய்திருந்தார். வெளிநாட்டுப் பேராசிரியர் பேசுவார். பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர்கள் கேட்பார்கள். பயிலரங்கு அன்று காலை பார்த்து, மொழிபெயர்க்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாமா நேராக இவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மாமா, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கணக்குப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல. என்னை விட்டுடுங்க.”

“கணக்கே கிடையாதும்மா, வெறும் தர்க்கம்தான். அவர் சொல்றதை அப்படியே சொல்லு, போதும்.”

அதற்குள் அக்கா ஃபோனில் வந்துவிட்டாள். “போயிட்டு வாடி. இல்லன்னா இந்த மனுஷன் ஒரு மாசத்துக்கு என் உயிரை வாங்குவார்.”

போனாள். அரங்கின் பின்சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன், ஆடும் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் ஆசிரியர்களின் பின்னந்தலைகள்தான் தெரிந்தன. பேச்சு தொடங்கும் முன்பே அவை தூங்குவதற்கு வாகாகச் சாய்ந்திருந்தன.

பேராசிரியர் நிதானமாகப் பேசினார். நாம் எண்ணும் எண்களை எல்லாம் சில விதிகளுக்குள் அடக்கிவிடலாம் என்றார். பூஜ்யம் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்து ஓர் எண் உண்டு. ‘அடுத்து வருவது’ என்பதற்கு அவர் சொன்ன வார்த்தையை அவள் தினமும் நீதிமன்றத்தில் கேட்கிறாள்: ஒருவர் போனபின் அவர் இடத்துக்கு வருகிறவர். யோசிக்க நேரமில்லை. வாய் முந்திக்கொண்டது.

“ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு வாரிசு. ரெண்டு எண்ணுக்குப் பொதுவா ஒரு வாரிசு இருக்க முடியாது. பூஜ்யம் யாருக்கும் வாரிசு இல்லை.”

தலைகள் நிமிர்ந்தன. முன்வரிசையில் இருந்த மீசைக்கார ஆசிரியர் ஹெட்ஃபோனைக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

பேராசிரியர் அடுத்த விதிக்குப் போனார். அவர் மொழியில் குணத்துக்கும் சொத்துக்கும் ஒரே சொல். அவளுக்குப் பழக்கமானது சொத்துதான்.

“பூஜ்யத்துக்கு ஒரு சொத்து இருந்து, அந்தச் சொத்து யார்கிட்ட இருந்தாலும் அவங்க வாரிசுக்கும் போய்ச் சேரும்னா, எல்லா எண்களுக்கும் அந்தச் சொத்து உண்டு.”

மீசைக்காரர் எழுந்துவிட்டார். “ஐயா, ஒரு சந்தேகம். பூஜ்யம் யாருக்கும் வாரிசு இல்லைன்னா அதுக்குச் சொத்து எப்படி வந்துச்சு? சுயசம்பாத்தியமா?”

அரங்கு கொல்லென்று சிரித்தது. அவள் அதையும் அதே ஐஸ் குரலில் பேராசிரியருக்கு மொழிபெயர்த்தாள். அவர் முகம் மலர்ந்தது. பூஜ்யத்துக்கு மட்டும் தனியாக நிரூபித்தே ஆகவேண்டும், சரியான இடத்தில் கேட்டீர்கள் என்றார். அதற்குமேல் கைகள் தாழவே இல்லை. “அப்போ கடைசி வாரிசுன்னு யாருமே இல்லையா? எங்க வீட்டு கேஸ் மாதிரியே இருக்கே!” என்று ஓர் ஆசிரியை பெருமூச்சு விட்டார்.

மாமா வேர்க்க விறுவிறுக்கக் கண்ணாடி அறைக்கு ஓடிவந்தார். “வாரிசு இல்லம்மா, தொடரி! சொத்து இல்ல, பண்பு!”

“தொடரின்னா என்ன மாமா?”

“அதாவது... ஒருத்தருக்கு அப்புறம் அவர் இடத்துக்கு...” பாதியில் நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

தேநீர் இடைவேளையில் அவள் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். காது மடல் சுட்டது. அவர் சிரிக்கவில்லை. “இந்த உரையை எத்தனையோ ஊர்களில் பேசியிருக்கிறேன். ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. பிற்பகலும் உங்கள் இஷ்டப்படியே சொல்லுங்கள்” என்றார்.

பிற்பகல் எல்லாமே சரியாகப் போய்விடவில்லை. எந்த இரண்டு எண்களைக் கூட்டினாலும் வருவதும் ஓர் எண்தான், அதாவது எண்கள் கூட்டலின் கீழ் மூடியவை என்று அவர் சொன்னதை, ‘சீல் வைக்கப்பட்டவை’ என்று சொல்லிவிட்டாள். யார் சீல் வைத்தது, எந்த அதிகாரி உத்தரவு என்று மீசைக்காரர் மல்லுக்கு நின்றார். அதைத் தீர்த்துவைப்பதற்குள் பேராசிரியருக்கே நா வறண்டது. ஆனால், எண்கணிதத்துக்குள் முரண்பாடு இல்லை என்பதை அந்த எண்கணிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிரூபிக்க முடியாது என்று அவர் முடித்தபோது, “தன் சொத்துல வில்லங்கம் இல்லைன்னு தானே சான்று எழுதிக்க முடியாது” என்றாள். அத்தனை தலைகளும் ஒன்றாக ஆடின. மாமாவின் தலையும்.

அடுத்த வருடமும் அவளையே கூப்பிட்டார்கள். இம்முறை கலைச்சொல் அகராதி ஒன்றை வாங்கிச் சமையலறையில் உரக்கப் படித்து, தொடரி, பண்பு என்று ஒன்று விடாமல் சரியாகச் சொன்னாள். அரைமணியில் பாதி அரங்கு தூங்கிவிட்டது. பேராசிரியர் கேள்வி கேட்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்.

இடைவேளையில் மீசைக்காரர் கண்ணாடியைத் தட்டினார். ஹெட்ஃபோனில் கேட்டால் எல்லாக் குரலும் ஒரே கரகரப்புதான். போன வருஷம் பேசியதும் இவள்தான் என்று தெரிய, அவர் இவள் முகத்தைப் பார்த்ததுமில்லை.

“மேடம், போன வருஷம் பேசினாங்களே ஒரு அம்மா, அவங்க வரலையா?”

அவள் அகராதியை மூடிக் கைப்பைக்குள் திணித்தாள்.

“வந்துட்டே இருக்காங்க சார். மத்தியானம் வந்துடுவாங்க.”