பூக்கட்டிப் பார்த்த வெள்ளிக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரிய முடிவுகளை நாங்கள் எடுப்பதில்லை. மாரியம்மன் எடுப்பாள். கல்யாணமோ, ஊரைவிட்டுப் போவதோ, எதுவானாலும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்பு அரளி ஒரு வாழையிலைத் துண்டில், வெள்ளை அரளி இன்னொன்றில். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்போம். மற்றதைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் அவளையே சந்தேகப்பட்டதாகிவிடும்.

எனக்கு ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அப்படித்தான் கேட்டோம். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அம்மாவோ பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் படுத்திருந்தார். அப்பா இல்லை. அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஆள் பேசி வைத்திருந்தாள். இருவரில் ஒருவர் அம்மாவோடு இருந்தே ஆக வேண்டும். வெள்ளை வந்தால் நான் படிக்கப் போவது, சிவப்பு வந்தால் அக்கா போவது. பூக்களைக் கட்டியவள் அக்கா. எடுத்தவள் நான். சிவப்பு வந்தது.

அழுதேன்தான். ஆனால் அடம்பிடிக்கவில்லை. அம்மன் சொன்ன பிறகு என்ன பேச்சு? கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டேன். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் நான்தான். கூடப் படித்தவர்கள் சேலை கட்டிக்கொண்டு பசறை பஸ்ஸில் படிப்பிக்கப் போவதை மலையிலிருந்து பார்க்கும்போதெல்லாம் அம்மனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். வெள்ளிக்கிழமையானால் போய் விளக்கும் வைப்பேன். அவளுக்கும் எனக்கும் அப்படியொரு உறவு. ஏதோ நினைத்துத்தான் செய்திருப்பாள் என்ற நம்பிக்கையிலேயே காலம் ஓடியது.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். குவைத்திலிருந்து திரும்பி, பதுளையில் வீடு கட்டிக் குடியிருக்கிறாள். தேத்தண்ணி குடிக்கும்போது, பக்கத்துக் காம்பிராப் பெண்ணுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவள் சிரித்தாள்.

"நம்ம பாத்தோமே, அன்னைக்கு ரெண்டுலயுமே செவப்புதான்டி வச்சேன்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"என்ன அப்புடி பாக்குற? நீ போயிருந்தா அம்மாவ யாரு பாத்திருப்பா? எனக்கு அந்தப் பொறுமை இல்லேன்னு ஒனக்கே தெரியும். பழைய கதை, விடு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா நீ விட்டுக்குடுத்திருப்பியா? அம்மன் சொன்னாத்தானே கேப்ப."

என் பக்தி எவ்வளவு என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. அதை வைத்தே என்னை மடக்கியிருக்கிறாள். கேட்டிருந்தால் அம்மாவுக்காக விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. அது என் முடிவாகவாவது இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். இத்தனை வருடம் அநியாயமாகத் திட்டியதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். முன்னால் நின்றதும் வாய் வரவில்லை. அக்கா அந்த இரண்டையும் கொண்டுவந்து அம்மன் காலடியில்தானே போட்டாள். அம்மன் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.