பந்து இல்லாத நேரத்தில் அவள் எங்கே ஓடினாள்

எதைக் குறித்துவைத்தாலும் முதலில் நாளையும் கிழமையையும் எழுதுவேன். அடுத்ததாகக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று எழுதுவேன். டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் காற்றை விட்டுவிட்டு எந்த விளையாட்டைப் பற்றியும் எழுத முடியாது. எங்கள் மகள் அவுஸ்திரேலிய உதைபந்து ஆடத் தொடங்கிய பிறகு இப்படி ஐந்து கொப்பிகள் நிறைந்துவிட்டன.

டென்மார்க்கில் இந்த ஆட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. இங்கே திருமணம் செய்து குடியேறிய அவுஸ்திரேலியர்கள் கொண்டுவந்த ஆட்டம் இது. பதினெட்டுப் பேர் ஆடவேண்டிய அணியில் ஒன்பது பேர் ஆடுகிறார்கள். இரண்டு முனையிலும் கோலுக்கு நான்கு பிளாஸ்டிக் குழாய்களை நட்டுவைப்பார்கள். பந்து முட்டை வடிவம். அதை எறியக்கூடாது, உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மற்றக் கை முட்டியால் குத்தி அனுப்பலாம். நடுவர் மைதானத்தின் மத்தியில் பந்தை மேலே போட, கீழே காத்திருந்து பாய்கிறவர்கள்தான் மிட்ஃபீல்டர்கள். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எங்கள் மகளும் அவர்களில் ஒருத்தி.

நான் எப்படியும் மைதானக் கரையில் நின்று எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்த பயிற்சியாளர் அணியின் கணக்கையும் என்னிடமே விட்டுவிட்டார். அவர் கூரை வேலை செய்கிற ஓர் அவுஸ்திரேலியர். உதை, குத்து, பிடி, கோல் என்று நான்கு நிரல்கள் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகியவன் நான். கிரிக்கெட்டில் பந்தைச் சந்தித்தவனின் பெயருக்கு நேரே குறி விழும். மற்றவர்கள் அந்த நேரம் என்ன செய்தார்கள் என்பதற்குப் புத்தகத்தில் இடமில்லை. அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தேன். கூடவே எனக்கென்று ஒரு விதியும் வைத்திருந்தேன். பந்து யார் கைபட்டுப் போனது என்று சந்தேகம் வந்தால், என் மகளுக்குப் போடமாட்டேன். மற்றவளுக்கே போடுவேன்.

போன ஓகஸ்ட் மாதம் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வெளிநாட்டில் நடக்கும் சுற்றுப்போட்டிக்கு டென்மார்க் பெண்கள் அணி போகிறது. மிட்ஃபீல்டில் ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு இருவர்: என் மகள், மற்றது அவளோடு ஆடும் உயரமான டேனிஷ் பெண், தச்சு வேலை செய்கிறவள். தேர்வுக்குழு என் கொப்பியைப் பார்க்க விரும்புகிறது.

வீட்டுக்கு வந்து இருவரின் கணக்கையும் கூட்டினேன். என் மகள் வெகுதூரம் பின்னால் நின்றாள். இன்னொரு முறை கூட்டியும் அதே கதைதான். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த மனைவி சப்பாத்தைக் கழற்றாமலே மேசையில் எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன இவ்வளவு குறைவு? போன கிழமை அவளிட்ட இருந்துதானே அந்தக் கோலுக்குப் பந்து போனது?"

"ரெண்டு பேற்ர கையும் பட்டது. எனக்குச் சரியாத் தெரியேல்லை."

"தெரியாட்டி மற்றவளுக்கோ?"

"ஓம். நான் தகப்பன் எல்லோ."

"உங்கட நேர்மைக்குப் பலி குடுக்க என்ர பிள்ளைதான் கிடைச்சாளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றினாள்.

அந்த வாரம் மெல்பேர்னில் இருக்கும் மச்சானோடு தொலைபேசியில் கதைத்தேன். எங்களுக்குள் நீண்டகால வழக்கு ஒன்று உண்டு. பழைய பெரிய மிட்ஃபீல்டர்கள் பந்து கையிலிருக்கும்போது மட்டும்தான் ஆடினார்கள், தடுப்பாட்டத்துக்காக மூச்சுவாங்க ஓடுவது இன்றைய ஆட்களின் பழக்கம் என்பது பொதுப்பேச்சு. மச்சானுக்கு அதில் பெருமை. "அந்தக் காலத்துக்காரன் ராசா மாதிரி ஆடினவன். இப்ப இருக்கிறவங்கள் கட்டவிழ்த்த மாடுகள் மாதிரி அங்கயும் இஞ்சயும் ஓடுறாங்கள்" என்பான்.

எனக்கு அது உண்மையா என்று அறியவேண்டியிருந்தது. மச்சான் அனுப்பிய பழைய ஆட்டமொன்றின் பதிவைப் பல தடவை பார்த்தேன். பேர்போன ஒரு மிட்ஃபீல்டர் பந்தை உதைக்கிறார். கமரா பந்தோடு போய்விடுகிறது. அங்கே பந்து எதிரணியிடம் பறிபோய்த் திரும்பி வருகிறது. சில நொடிகள்தான். மைதானத்தின் மற்ற முனையில், பந்தோடு ஓடுகிறவனின் இடுப்பைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறார் ஒருவர். சட்டை இலக்கத்தைப் பார்த்தால் அதே ஆள்! எப்படி அங்கே போனார்? எப்போது ஓடத் தொடங்கினார்? பதிவைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அந்த ஓட்டம் படத்தில் இல்லை. தேடி வாசித்த புத்தகங்களிலும் அவருடைய உதைகளுக்குக் கணக்கு இருந்தது. அந்த ஓட்டத்துக்கு ஒரு வரியும் இல்லை.

"அந்தக் காலத்திலயும் ஓடித்தான் இருக்கிறாங்கள் மச்சான். ஆரும் எண்ணேல்லை, அவ்வளவுதான்" என்று திரும்ப அழைத்துச் சொன்னேன். "ஆனா ஒரு ஓட்டத்தை வைச்சுக்கொண்டு எல்லாரையும் சொல்லேலாது. இன்னும் பாக்கவேணும்."

"டேய், கமராக்காரனைப் பிழை சொல்லுறதை விடு. உன்ர கொப்பியில உன்ர மகள் ஓடினது எங்க இருக்கு?"

மச்சான் அந்தப் பக்கம் கெக்கட்டமிட்டுச் சிரித்தான்.

மறுநாள் பயிற்சியாளரிடம் போய், ஐந்தாவது நிரல் ஒன்று வேண்டும் என்றேன்: பந்து கையில் இல்லாதபோது ஓடிவந்து மறித்தது, ஆளைக் கட்டிப்பிடித்து நிறுத்தியது, எதிரியை அவசரப்படுத்திப் பிழைவிட வைத்தது. பழைய ஆட்டங்களுக்கு அதை நிரப்ப முடியாது. நான் பார்க்காததை எழுதமாட்டேன். ஆனால் தேர்வுக்கு முன் ஓர் ஆட்டம் மிச்சமிருந்தது. அவர் தாடியைச் சொறிந்தார். "இரண்டு பேருக்கும், ஆரம்பத்திலிருந்து முடியும்வரை எழுதினால் தேர்வுக்குழுவுக்குக் காட்டுகிறேன். ஒருத்திக்கு மட்டும் என்றால் வேண்டாம்."

ஒருவருக்கு ஒரு சோடிக் கண்தான். இரண்டாவது சோடிக்கு எங்கே போவது? மனைவி உடனே தயாராக நின்றாள். அது சரிவராது என்று இருவருக்குமே தெரியும். கடைசியில் தச்சுப் பெண்ணின் தகப்பனிடம் போனேன். பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று வருடமாக ஒரே கரையில் நின்றும் வணக்கத்துக்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

"நீ என் மகளைப் பார்ப்பது, நான் உன் மகளைப் பார்ப்பது?" என்று டேனிஷில் கேட்டார்.

"ஆம்."

"நான் எத்தனை போடுகிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டு நீ போடுவாய்."

"நான் மைதானத்தின் அந்தக் கரையில் நிற்கிறேன்."

அவர் சிரித்து, என் பையிலிருந்த இரண்டு பென்சிலில் கூரானதை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மேல்காற்று பலமாக அடித்தது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பார்த்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குத்தான் பந்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. கண் தானாகவே பந்துக்கு ஓடிவிடும். இழுத்து அந்தப் பெண்மேல் வைக்கவேண்டும். முதல் பத்து நிமிடம் அவள் பிழையான பக்கம் ஓடுகிறாள் என்றே நினைத்தேன். பந்து எங்கள் அணியிடம் இருக்கும்போதே திரும்பி எங்கள் கோலை நோக்கி ஓடுவாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் பந்து பறிபோகும். பந்து வந்து விழும் இடத்தில் அவள் ஏற்கெனவே நிற்பாள். இது தற்செயலா என்று பார்த்தேன். திரும்பவும் நடந்தது. அதற்குப் பிறகும் நடந்தது. குறி போட்டுக்கொண்டே போனேன்.

கடைசிப் பகுதியில் திடீரென்று கரை முழுவதும் கத்தியது. "இஞ்சேருங்கோ, பாருங்கோப்பா! அவளைப் பாருங்கோ!" என்று மனைவியின் குரல் காற்றையும் மீறிக் கேட்டது. நான் திரும்பவில்லை. அதை அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆட்டம் முடிந்து தாள்களை ஒப்பிட்டோம். பஸ் சாரதி ஐந்தைந்தாகக் கட்டிக் குறி போட்டிருந்தார். அந்தச் சத்தம் எழுந்த இடத்தில் மட்டும் ஒரு வரி: "தூரக் கோலிலிருந்து முழு மைதானமும் ஓடி வந்தாள். பிடித்துவிட்டாள்." என் மகளின் அந்த ஓட்டத்தை நான் அவருடைய கையெழுத்தில்தான் பார்த்தேன். அவளுடைய குறிகள் நான் நினைத்ததைவிட மிக அதிகம். தச்சுப் பெண்ணுடையவை அதற்கும் கொஞ்சம் அதிகம். அவற்றைப் போட்டவன் நான்.

"சந்தேகமானதை என்ன செய்தாய்?" என்று அவர் கேட்டார்.

"உங்கள் மகளுக்கே போட்டேன்."

"நானும் உன் மகளுக்கே போட்டேன்" என்று சொல்லிப் பென்சிலைத் திருப்பித் தந்தார்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மகளுக்குத் தொலைபேசி வந்தது. எழுந்துபோய்க் கதைத்துவிட்டு வந்து இருந்தாள். "அவள்தான். நான் இல்லை" என்றாள். தமிழில் சொன்னாள், வழக்கமாக எங்களுக்கு டேனிஷில்தான் பதில் வரும். மனைவி என்னைப் பார்த்தாள். மகளின் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. அடுத்த வாய்ப்புக்கு எத்தனை வருடம் காத்திருக்கவேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

கனநேரம் கழித்து டேனிஷில் கேட்டாள்: "அப்பா, நீங்கள் நாள் முழுவதும் அவளைத்தானே பார்த்தீர்கள். அவள் எப்போது ஓடத் தொடங்குகிறாள்?"

"பந்து பறிபோறதுக்கு முன்னமே."

"முன்னமே என்றால்?"

உப்புப் போத்தலையும் மூன்று கிளாசையும் எடுத்து மேசையில் வைத்துக் காட்டினேன். உப்புப் போத்தல் பந்து, இது நீ, இது எதிரணிக்காரி, இது அவள். எதிரணிக்காரி இடது காலை ஊன்றும்போது இவள் திரும்பிவிடுகிறாள். மகள் உப்புப் போத்தலை என் கையிலிருந்து வாங்கித் தானே நகர்த்திப் பார்த்தாள்.

"அது அவளுக்கு எப்படித் தெரிகிறது?"

"அது எனக்குத் தெரியேல்லை, பிள்ளை."

அவள் கைபேசியை எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி தச்சுப் பெண்ணுக்கு அழைத்தாள். முதலில் வாழ்த்துச் சொன்னாள். பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நான் அப்படியா ஓடுகிறேன்?" என்றாள் தச்சுப் பெண். "நாளைக்கு மைதானத்துக்கு வா. நான் ஓடுகிறேன், நீ பார்த்துச் சொல்லு."