இரண்டு பட்டியலிலும் ஒரே கோல்கீப்பர்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவரை மைதானத்தில் எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக நீல ஜெர்சி கிளப்புக்கு அவர்தான் கோல்கீப்பர். துறைமுக அணி இரண்டு முறை ஆள் விட்டு அழைத்தது. "இங்கயே பழகிப்போச்சு, விடுங்க" என்று தலையைச் சொறிந்தபடி அனுப்பிவிட்டார். விரல் இரண்டு கோணியதும், கல்யாணத்தன்று மதியமே கையுறையோடு கிளம்பி மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இந்த ஒரே கிளப்புக்காகத்தான்.

அவருடைய முப்பத்தொன்பதாவது வயதில் கிளப் இரண்டாக உடைந்தது. யாரைக் கேப்டனாகப் போடுவது என்று கோச்சுக்கும் செயலாளருக்கும் பேச்சு முற்றி, ஆட்டக்காரர்கள் பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். இரண்டு தரப்புக்கும் அதே பெயர், அதே நீலம். கோச்தான் அவர் கையில் முதன்முதலில் கையுறை மாட்டியவர். செயலாளரோ மனைவியின் அண்ணன்.

"நீங்க கிளப்பை விட்டுப் போகமாட்டீங்கன்னு தெரியும் மாப்ள" என்றார் செயலாளர்.

"கிளப்பை விட்டு நீ எங்கடா போவ" என்றார் கோச்.

இரண்டுமே அவருக்குச் சரியாகத்தான் பட்டது. ஒரு வாரம் காலையில் இங்கும் மாலையில் அங்கும் பயிற்சிக்குப் போனார்.

"எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"மாறுனாத்தானே முடிவு பண்ணணும்? நான்தான் மாறவே இல்லையே."

அவளுக்கும் தலை சுற்றியது.

ஜெயிக்கிறவர்களுக்கே கிளப்பின் பெயர் என்று ஒரு மேட்ச் ஏற்பாடானது. ரெஃப்ரி இரண்டு பட்டியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சார், நீங்க யாருக்கு ஆடுறீங்க?"

"கிளப்புக்கு."

"எந்த கிளப்புக்கு?"

அவர் தன் நீல ஜெர்சியைத் தொட்டுக் காட்டினார். இரண்டு அணியும் அதே நீலம்தான்.

யாரும் விட்டுக்கொடுக்காததால் முதல் பாதி மச்சான் தரப்புக்கு, மறுபாதி கோச் தரப்புக்கு என்று பேசி முடித்தார்கள். முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. இவர் மட்டும் அதே கம்பங்களுக்கு நடுவிலேயே நின்றார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் தாவி ஒரு பந்தைப் பிடித்தார். எழுந்து, எப்போதும் போல இடப்புறம் நின்றவரிடம் உருட்டிவிட்டார். பத்து வருடம் இவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்தான். இன்றைக்கு அந்த ஆள் மச்சான் தரப்பு, இவரோ இப்போது கோச் தரப்பு. அந்த மனிதர் ஒரு கணம் விழித்தார், பிறகு பந்தைக் கோலுக்குள் தள்ளினார்.

அதுவே ஒரே கோல். மச்சான் கட்டிப்பிடித்து, "செஞ்சிட்டீங்களே மாப்ள" என்றார். இவர் கையை விடுவித்துக்கொண்டு கோச்சிடம் போனார்.

"வேணும்னேவா பண்ணின?" என்றார் கோச்.

"தெரியலண்ணே."

கோச் பந்துப் பையின் வாயைப் பிரித்தார். "அவனுக்கேதான் இத்தனை வருஷம் உருட்டிவிட்ட. கை அங்கதான் போகும்" என்று சொல்லிவிட்டுப் பந்துகளைப் பையில் போட ஆரம்பித்தார்.

பெயரை வென்ற மச்சான் அணிக்கே இன்னும் இரண்டு வருடம் ஆடி ஓய்வுபெற்றார். பந்தைப் பிடித்ததும் உடனே போடாமல், யார் யார் என்று ஒருமுறை பார்ப்பது மட்டும் புதிதாக வந்திருந்தது. பாராட்டு விழாவில், "கடைசிவரை ஒரே கிளப்" என்று மச்சான் பேசியபோது பின்வரிசையில் கோச்சும் கைதட்டினார்.

"அது சரிதானா?" என்று இவர் பக்கத்தில் இருந்த மனைவியிடம் காதோடு கேட்டார்.

"மேடையில உக்காந்துக்கிட்டு என்னைக் கேக்குறீங்களே" என்றாள் அவள்.