வாலுக்கு வைத்த எண்ணெய்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாதி மாதம் என்று நினைக்கிறேன். மாம்புரியில் சோழகக் காற்று ஓய்ந்து, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்த ஒரு காலை. என் கையில் ஒரு பிடி குதிரைமுடி இருந்தது.

கடற்கரைக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்குச் சவாரி விட என் கணவர் ஒரு குதிரை வைத்திருந்தார். 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. என் சமையல் எண்ணெயை எடுத்து அதன் வாலுக்குப் பூசிவிட்டு, தினமும் என்னிடம் ஏச்சு வாங்குவார். வயிற்றுவலி வந்து அது செத்த பிறகு மனிசன் வாயே திறக்கவில்லை. தேத்தண்ணி வைத்தால் குடிப்பார், கடலைப் பார்ப்பார். இரண்டு மாதம் அப்படியே போனது. எனக்குப் பயமாக இருந்தது.

புதைக்கும் முன் வாலில் கொஞ்சம் வெட்டி ஒளித்து வைத்திருந்தேன். பக்கத்து விடுதியில் மதுரங்குளியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி மண்சாடி செய்வார். சூளையிலிருந்து தணலாக எடுத்த சாடியில் குதிரைமுடியை ஒவ்வொன்றாய் விடுவார். முடி சுருண்டு எரிந்து, போன வழியில் கறுப்புக் கோடு விழும். எது எங்கே போகுமென்று அவருக்கே தெரியாது. பிள்ளையின் முடியில் ஒன்று செய்து தரக் கேட்டேன்.

"முடியை நீங்களே விடுங்க அக்கா, ஒரே தரம்தான். பிழையாப் போனா அழிக்க ஏலாது" என்றார்.

முதல்நாளே முடியைக் கழுவி, சிக்கெடுத்து, தேங்காய் எண்ணெய் பூசி வாரி வைத்தேன். நல்ல காரியத்துக்குப் பிள்ளையைப் பரட்டைத் தலையோடு யாராவது அனுப்புவார்களா? பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

சாடி வெளியே வந்தது. அதன் சூட்டில் காற்று நெளிய, பின்னால் நின்ற தென்னைகள் தண்ணீருக்குள் ஆடுவதுபோலத் தெரிந்தன. கனவில் நடப்பவள்போலக் கிட்டப் போய் முடியை விட்டேன். கோடு விழவில்லை. பக்கென்று பற்றிப் புகைந்தது. பதறிப்போய் மீதியையும் கைநழுவ விட்டேன். சாடியின் வயிற்றில் மண்ணிறத்தில் ஒரு பெரிய கறை.

"என்னக்கா, எண்ணெய் பூசினீங்களா?"

"ஓம்" என்றேன். அப்படியே அழுதுவிட்டேன்.

வீட்டில் அதை மறைக்கத்தான் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். இன்னது என்று சொன்னேன். சாடியை வாங்கி, கறையை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனார். கருகிய எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

"நீயும் எண்ணெய் வச்சனீயோ?" என்றார்.

பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அன்று பின்னேரம்வரை பிள்ளையின் கதைதான், நான் ஏசிய ஏச்செல்லாம் ஒன்றுவிடாமல்.

சாடி இப்போதும் அடுப்படி அலுமாரியில், எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் ஆசைப்பட்ட கோடுகள் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம், நான் சரியாகச் செய்திருந்தால் அவர் இன்னும் எத்தனை நாள் பேசாமல் இருந்திருப்பாரோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.