வாயில் ஆணி, வயிற்றில் மாத்திரை

சோபாக்காரருக்கு வாய்தான் ஆணி டப்பா. ஒரு பிடி சின்ன ஆணியை உள்ளே போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகப் புரட்டி உதட்டுக்குத் தள்ளுவார். காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டுபோய்க் கட்டையில் இறக்கும். வேலை நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் "ம்" தான். அதில் சரி எது, முடியாது எது என்று கூட வேலை செய்யும் மச்சினனுக்குத்தான் தெரியும்.

காலில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அவருக்குத் தினமும் ஒரு மாத்திரை. அதை ஒழுங்காகத்தான் விழுங்கினார். துணியை இழுத்து இழுத்துத் தோள் வலித்தபோது, மனைவியின் மூட்டுவலி மாத்திரையிலும் காலையும் மாலையும் கை வைத்தார். கேட்டால் தருவாள், கூடவே நாலு பேச்சும் தருவாள். அதனால் கேட்கவில்லை.

ஒருநாள் பால்நிறச் சோபாவின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

"மாமா, வாயத் தொறங்க," என்றான் மச்சினன். ஈறெல்லாம் ரத்தம்.

"ஆணி மட்டம்டா," என்று ஆணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஆணிக்கடைக்குச் சண்டைக்குப் போனார். கடைக்காரர் ஓர் ஆணியைத் தடவிப் பார்த்தார்.

"நான் அடிக்கறதுக்குத்தான் ஆணி விக்கறேன். திங்கறதுக்கு இல்ல."

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ஆணியைத் தட்டில் வைத்து வேலை செய்தார். மத்தியானம் துப்பினால், அப்போதும் சிவப்பு. சுத்தியலைக் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி காலி மாத்திரை அட்டையோடு வந்து நின்றாள்.

"இத எலியா தின்னுச்சு?"

"ம்."

"வாயிலதான் ஆணி இல்லையே, பேசுங்க."

பேசினார். கேட்டவள் அவருடைய ரத்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, கையோடு அவரை மருந்துக்கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரம்மா இரண்டு அட்டைகளையும் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இது ரெண்டும் சேந்தா ரத்தம் லேசுல நிக்காதுங்க. வயித்துக்குள்ளயே கசியும். வெளிக்குக் கறுப்பா போகுதா?"

பின்னால் நின்ற வரிசை முழுதும் பதிலுக்குக் காத்திருந்தது.

"சொல்லித் தொலைங்க," என்றாள் மனைவி.

"இல்ல," என்றார் சுவரைப் பார்த்து.

"இருந்தாலும் இப்பவே டாக்டர்கிட்ட போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க."

டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார். "நல்லவேளை, ரத்தம் குறையல. மூட்டுவலி மாத்திரைய இனி தொடாதீங்க. ரத்த மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது. தோள் வலிச்சா பாராசிட்டமால், அதுவும் நான் எழுதற அளவுதான். வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். "தலவலிக்கு ஆஸ்பிரின். எப்பவாவது."

டாக்டரின் பேனா நின்றது. "அதுவும் கூடாது. அப்புறம்?"

"பூண்டு மாத்திரை. மாமியார் குடுத்தாங்க."

"எங்கம்மாவ இழுக்காதீங்க," என்றாள் மனைவி.

"அதையும் நிறுத்துங்க," என்றார் டாக்டர்.

சோபாக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ரத்தம் நிக்கலன்னா கூடச் சமாளிச்சிடலாம் டாக்டர். இத மாமியார்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."