மேல் டிவிசன் கடைக்குப் போன சாமான்

மளிகை மொத்த வியாபாரத்தில் நல்லபடியாக விற்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடைந்ததைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பேச்சு. பதுளையில் ஒரு மொத்தக் கடையில் டேமேஜ் பார்க்கிற வேலை எனக்கு. நசுங்கிய பெட்டியும் கையுமாக முதலாளி முன்னால் நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

தக்காளிக் கோபுரம்

வெலிமடையிலிருந்து வரும் தக்காளி மூட்டையில் நசுங்குகிறதென்று அங்கே பிளாஸ்டிக் கூடைகள் அனுப்பினோம். தோட்டம் போடும் முத்தையா விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவித்தே அனுப்பினார். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதும் மேலடுக்குத் தக்காளி எல்லாம் கூழ். விளிம்போடு நிறுத்தச் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "தலை தட்டிக் குடுத்தா என்னைக் கஞ்சன்னு சொல்லுவாங்கய்யா."

புதுசு முன்னால

எங்கள் லொறி கடைசியாகப் போய் நிற்பது ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், செல்வியக்கா கடையில். டேமேஜில் முதலிடமும் அந்தக் கடைக்குத்தான். இப்படியே போனால் அடுத்த மாதம் லொறி மேலே ஏறாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஏறாவிட்டால், லயன் வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனம் ஒரு பால்மாப் பாக்கெட்டுக்கும் பதுளைக்கு பஸ் ஏற வேண்டும்.

போய்ப் பார்த்தேன். புதுச் சரக்கு முன்னால், பழையது பின்னால் கிடந்து தேதி முடிந்திருந்தது. கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினார். அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கொழுந்து பறிச்சு நிறுத்துட்டு வாற பிள்ளைங்களுக்குப் பழசைக் குடுக்க மனசு வரலைங்க."

அடியில்

தேதி முடிவது நின்றது, நசுங்குவது நிற்கவில்லை. அக்காவுக்குச் சாமான் வைக்கத் தெரியவில்லை என்றே நினைத்தேன். கடைசியில் ஒரு நாள் லொறியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து போனேன்.

கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றுவது எங்கள் வழக்கம். அக்காவின் பிஸ்கட்டும் பால்மாவும் அடியில். மற்றக் கடைகளின் பருப்பு, கோதுமை மா மூட்டைகள் அதன் மேலே. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிகள் நொறுங்குவது காதில் விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் சொல்லி, லொறிக்குள் பலகை அடித்து அந்தக் கடைக்குத் தனித் தட்டு வைத்தோம். அடுத்த மாதமும் லொறி மேலே ஏறியது. தப்பு எங்கள் பக்கம்தான் என்று அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் சந்தோஷப்படவில்லை, கோபப்படவும் இல்லை. உடையாத பெட்டி ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடைசியில இருக்கிறவங்க சாமான்னா அடியிலதான் கெடக்கணுமாங்க?"

டேமேஜ் புத்தகத்தில், காரணம் என்ற இடத்தில், 'கடைக்காரரின் கவனக்குறைவு' என்று மாதாமாதம் அழகான கையெழுத்தில் எழுதி வந்தவன் நான்தான்.