நான் திருத்திக் கொடுத்த முடிவு

புத்தக வெளியீட்டில் நூலை நயந்து பேசும் நயவுரை வேலை, கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்கப்படுவது போலத்தான். உண்மையை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. மட்டக்களப்பில் ஒரு புத்தகம் வெளிவந்தால் மங்கள விளக்கு, வாழ்த்துரைகள், முதற்பிரதி எல்லாம் முடிந்து, மண்டபத்தில் பாதிப்பேர் எழும்பிப் போன பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் கதிரைகளில் கடைசிவரை நெளிந்துகொண்டிருந்த அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

மணல்மேடு

குருக்கள்மடத்தில் தையல் வேலை செய்யும் தயாளினி தன் முதல் தொகுதியை என்னிடம் கொண்டுவந்து, "நீங்க ஓம் எண்டாத்தான் அச்சுக்குக் குடுப்பன்" என்றார். பத்துக் கதைகள். அதில் ஒன்று உண்மையிலேயே நல்ல கதை. விடாத மழையில் படுவான்கரை வயல் மூழ்குகிறது. வாவித் தண்ணீர் கடலுக்குள் இறங்க, முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணல்மேட்டை எப்போது வெட்டுவார்கள் என்று ஒரு பெண்ணும் கணவனும் காத்திருக்கிறார்கள்.

நான் படித்த கோட்பாடுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். மணல்மேடு பெண்ணின் மனத்தடை, அதை வெட்டுவது விடுதலையின் குறியீடு என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பிடி ஒண்டும் இல்ல சேர். வெட்டாட்டி வயல் வட்டைக்குள்ள தண்ணி நிண்டு வேளாண்மை அழுகிப்போகும்."

திருப்பம்

அத்தோடு விட்டிருக்கலாம். விமர்சகன் ஒரு குறையாவது சொல்ல வேண்டுமே! கதையின் முடிவில் வெள்ளம் வடிகிறது. பயிர் போய்விட்டது. கணவன் காலில் சேற்றைக் கழுவிவிட்டு வந்து உட்காருகிறான். அவள் சோறு போடுகிறாள். அவ்வளவுதான். "இது முடிவே இல்லை. வாசகனை உலுக்க வேண்டும். கணவனை வெள்ளம் கொண்டுபோகட்டும்" என்றேன்.

தயாளினியின் முகம் சுருங்கியது. நான் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு கிழமையில் கணவனைச் சாகடித்துக் கதையைத் திருப்பி அனுப்பினார். ஆனால் நான் அந்த யோசனை சொன்ன அன்று, புறப்படும்போது வாசலில் செருப்பைப் போட்டபடி அவர் சொன்னது இதுதான்: "அந்தச் சோறு போடுறதுக்காகத்தான் சேர் முழுக்கதையையும் எழுதினன்."

முதல் வரிசை

வெளியீட்டு விழாவில் அந்த முடிவை இருபது நிமிடம் புகழ்ந்தேன். நல்ல கைதட்டல். மேடையிலிருந்து இறங்கியபோது முதல் வரிசையில் வேட்டி கட்டிய ஒருவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். தயாளினியின் கணவர். கதையில் வந்த வயல் அவருடையதுதான். கோபமில்லாமல், மெதுவாகத்தான் பேசினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"சேர், பயிர் போன அண்டைக்கு இவ ஒண்டும் கேக்காமச் சோறு போட்டதாலதான் நான் மறுகாலும் விதைக்கப் போனன். அதை எழுதியிரிக்கா எண்டுதான் வந்தன். என்னை ஏன் சாகடிச்சாய் எண்டு இவவைக் கேட்டா, உங்களைக் கேக்கட்டாம்."

தயாளினியின் இரண்டாவது தொகுதியை எல்லாரையும் போல நானும் கடையில் வாங்கித்தான் வாசித்தேன். என் கை படாததால் மிக நன்றாக இருக்கிறது.